முக்காணிப் பாலம் வரைக்கும் கூட்டம்

சூப்பர்சீட் என்ற சொல் சந்தியாகுபுரத்துப் பெண்களுக்குப் புதிது அல்ல. மீன் விற்கிறவளுக்கு இங்கிலீஷ் எதற்கு என்று கேட்பவர்கள் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு வருடம் உறுப்பினராக இருந்து பார்க்கவேண்டும். பக்கத்து ஊர்ச் சங்கத்தை முந்தின வருடம் சூப்பர்சீட் செய்தார்கள். போர்டில் இருந்த பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, தனி அலுவலர் என்று ஒருவரை அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்று தெரிந்துகொள்வதற்குள் கடற்கரையில் இருந்த மீன் கொட்டகையை ஓர் இறால் கம்பெனிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டு நடையைக் கட்டினார். இன்றைக்கு அந்த ஊர்ப் பெண்கள் மொட்டை வெயிலில் சாக்கை விரித்து மீனைக் கொட்டுகிறார்கள். பாதி மீன் விற்பதற்குள் பாதி மீன் நாறிப் போகிறது.

ஆகவே தங்கள் சங்கத்துக் கதவில் அப்படி ஒரு நோட்டீஸ் ஒட்டியிருப்பதைப் பார்த்ததும் தலைவி மரியசெல்வி கூடையை அங்கேயே இறக்கிவைத்துவிட்டுக் கிட்டே போனாள். முழுக்க முழுக்க இங்கிலீஷ். படிக்கத் தெரிந்த ஒரே சொல் நடுவில் தடித்த எழுத்தில் இருந்தது. அவள் அதை அப்படியே பிய்த்தெடுத்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, தங்கச்சி மகன் கிளைட்டனைத் தேடிப் போனாள். கிளைட்டன் தூத்துக்குடி கோர்ட்டில் ஒரு வக்கீலிடம் ஜூனியர். கறுப்புக் கோட்டு போட்ட நாளிலிருந்து வீட்டில் உப்புக் குறைந்தாலும் சட்டம் பேசுகிற பையன்.

அவன் படித்தான். போர்டு நெடுநாளாகக் கூட்டமே நடத்தவில்லை என்று புகார் வந்திருக்கிறது. இதை ஏன் சூப்பர்சீட் செய்யக்கூடாது என்பதற்கு நேரில் காரணம் சொல்லவேண்டும். அவ்வளவுதான் சங்கதி. ஆனால் கிளைட்டனின் முகம் பிரகாசமாகிவிட்டது.

"பெரியம்மா, நாம ஜெயிச்சிட்டோம்!"

"என்னலே சொல்லுத?"

"சூப்பர்சீட்ல நடுவுல 'எஸ்' வரணும். இவன் 'சி' போட்டுருக்கான். இங்கிலீஷ்ல இப்படி ஒரு சொல்லே கெடையாது. இல்லாத ஒண்ண எப்படி நமக்குச் செய்வான்? நோட்டீஸ் செல்லாது!"

செய்தி வேப்பமரத்தடிக்குப் போனது, வலை பின்னுகிற இடத்துக்குப் போனது, சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் போய்விட்டது. பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் நடத்துகிற ஜெயபாய் டீச்சரைக் கூப்பிட்டு வந்து சங்கத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். டீச்சர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டீஸைப் பார்த்தாள்.

"'எஸ்' தான் சரி. ப்ரிசீட், ரிசீட், அதுக்கெல்லாம் 'சி' வருதுல்லா, அதப் பாத்து இதுக்கும் போட்டுருக்காவ. ஊரு ஒலகமே செய்யுத தப்பு இது. அந்தக் கூட்டத்துல 'எஸ்' வாரது இது ஒண்ணுதான்."

கிளைட்டன் தொடையைத் தட்டினான்.

"அவசரப்படாத. பல நூறு வருசமா 'சி' போட்டு எழுதுனவியளும் உண்டு. ஒண்ணு ரெண்டு டிக்சனரில அதையும் சேத்துருக்கு. தப்புன்னு ஒரு கூட்டம், இருந்துட்டுப் போவட்டும்னு ஒரு கூட்டம். இன்னும் தீரல."

அவ்வளவுதான், ஊரில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. ஏ பி சி டி முழுசாகத் தெரியாதவர்கள்கூட 'எஸ்' பக்கம் நின்று தொண்டை கிழியக் கத்தினார்கள். கிளைட்டன் போனில் ஒரு டிக்சனரியைக் காட்டினான். டீச்சர் தன் போனில் வேறொன்றைக் காட்டினாள். மரியசெல்வி பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

"எம்மா தாயே, நிறுத்துங்க எல்லாரும். டீச்சர், எழுத்து கெடக்கட்டும். அதுக்கு அர்த்தம் என்ன?"

"லத்தீன்ல இருந்து வந்தது மரியசெல்வி. மேல உக்காருததுன்னு அங்க அர்த்தம். இப்போ, ஒண்ண வெலக்கிட்டு அந்த எடத்துக்கு இன்னொண்ணு வாரதுக்குச் சொல்லுதோம்."

"'சி' போட்டா அந்த அர்த்தம் மாறுமா?"

"மாறாது."

"பெறவு என்னத்துக்குக் கெடந்து கத்துதிய? தப்புன்னு நாம எழுதிப் போட்டா, நாளைக்கே திருத்தி அனுப்புவான். பக்கத்து ஊரு மாதிரி நம்ம கொட்டகையும் போனா 'எஸ்'ஸு வந்து நெழல் தருமா? நாம கூட்டம் போடுதோமா இல்லியா, அதான் கேள்வி. போடுதோம்லா? அதக் காட்டுவோம்."

காட்டுவதில்தான் சிக்கல் இருந்தது.

சங்கத்தின் போர்டு உறுப்பினர்கள் எல்லோருமே மீன் விற்கிறவர்கள். விடியுமுன் கரையில் மீன் எடுத்து, செல்வதுரையின் வேனில் ஏற்றிக்கொண்டு ஏரல், ஆழ்வார்திருநகரி என்று போய்விட்டு, திரும்பி வர மத்தியானம் தாண்டிவிடும். அதற்குப் பிறகு வீடு, தண்ணீர், சோறு, பிள்ளைகள். இதற்கு நடுவில் ஆபீசில் போய் உட்கார யாருக்கு நேரம்? அதனால் கூட்டத்தை வேனிலேயே வைத்துக்கொண்டார்கள். உப்பளம் தாண்டி வேன் பெரிய ரோட்டில் ஏறியதும் மரியசெல்வி கம்பியை இரண்டு தட்டுத் தட்டுவாள். அதிலிருந்து முக்காணிப் பாலம் வரைக்கும் சங்கத்துப் பேச்சு மட்டும்தான். மீன் விலை, மாமியார் வழக்கு எதுவும் கூடாது. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு இன்னொரு கையைத் தூக்கினால் ஓட்டு. பாலத்தில் சக்கரம் ஏறினால் கூட்டம் முடிந்தது. கொட்டகைக்குக் கூரை மாற்றியது, ஐஸ் பெட்டி வாங்கியது எல்லாம் அந்த வேனில் எடுத்த முடிவுதான்.

ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறதே. அதற்காகக் கூட்டம் சாயங்காலம் நாலு மணிக்கு ஆபீசில் என்று கதவில் ஒரு தாள் ஒட்டுவார்கள். நாலு மணிக்குக் கூடிப் பேசியதாகவே நோட்டில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிடுவார்கள். இதில் யாருக்கு என்ன கெடுதல் என்று மரியசெல்வி ஒருநாளும் யோசித்ததில்லை.

"அதிகாரி நம்ம வேன்ல வரட்டும்," என்றாள். "கண்ணால பாக்கட்டும்."

கிளைட்டன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

நோட்டீஸ் அனுப்பிய கூட்டுறவுத் துறை அதிகாரியின் பெயர் விஜயராஜ். உடன்குடிக்காரர். மடிப்புக் கலையாத சட்டை, மேஜையில் துளி தூசி இருக்காது. மரியசெல்வி ஏரலில் மீன் விற்றுவிட்டு நேரே பஸ் பிடித்து, காலிக் கூடையோடு அவர் ஆபீசுக்குப் போய் நின்றாள்.

"வேன்ல விசாரணையா? அப்படியெல்லாம் விதியில இல்லம்மா. நீங்க போய்ட்டு வாங்க."

அவள் போகவில்லை. வராந்தாவில் கூடையை வைத்து, பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மறுநாளும் வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். மீன் கூடை காலியாக இருந்தாலும் மீன் கூடைதானே. ஆபீஸ் முழுக்க சாளை வாசம் குடிவந்துவிட்டது. காபி கொண்டுவருகிறவர் மூக்கைப் பொத்திக்கொண்டு கொண்டுவந்தார். கடைசியில் விஜயராஜே எழுந்து வெளியே வந்தார்.

"ஏம்மா, ஒரு வக்கீலப் பாத்து பதில் எழுதிக் குடுத்தா முடிஞ்சது. எதுக்கு இப்படி?"

"வக்கீலு பாத்தாச்சு சார். ஒங்க நோட்டீஸ்ல எழுத்துத் தப்பாம். 'சி' போட்டுருக்கியளாம். அத வச்சு மடக்கலாம்னு சொன்னான். நாந்தான் வேண்டாம்னுட்டேன்."

விஜயராஜ் உள்ளே போய் நோட்டீஸின் நகலை எடுத்துப் பார்த்தார். போனை எடுத்து எதையோ தட்டினார். காது சிவந்துவிட்டது. "'சி' தானேம்மா போடுவாங்க?" என்றார், கொஞ்சம் சந்தேகமாக.

"'சி'யோ 'எஸ்'ஸோ, அது ஒங்க பாடு. எங்க பாடு கொட்டகை. வேனுக்கு வாரியளா, மாட்டியளா?"

மனுஷன் மோசமானவர் இல்லை. பெருமூச்சு விட்டு, வருவதாக ஒத்துக்கொண்டார். "ஆனா ஒண்ணு. புகார் குடுத்தவங்களையும் நான் விசாரிக்கணும். ஒரே நேரத்துல ரெண்டு பக்கத்தையும் கேட்டுட்டா வேலை முடிஞ்சிரும்."

"யாரு சார் குடுத்தது?"

"உங்க போர்டு மெம்பர்தான். ஜெபகனி."

ஜெபகனி! ஒரே நாளில் கூடை தூக்க ஆரம்பித்தவர்கள் இருவரும். போலீஸ்காரன் ஒருவன் கூடையை உதைத்தபோது அவன் சட்டையைப் பிடித்தவள் ஜெபகனி. இரண்டு வருடத்துக்கு முன்னால் ஐஸ் தண்ணீரில் வழுக்கி இடுப்பு எலும்பை முறித்துக்கொண்டாள். அதோடு கூடையும் போயிற்று, ஏரலும் போயிற்று. அவளா எழுதிப் போட்டாள்? பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை மரியசெல்விக்குக் கோபம் அடங்கவில்லை.

கிளைட்டன் விஷயத்தைக் கேட்டதும் மறுபடியும் துள்ளினான். "பெரியம்மா, இன்னும் லேசாப் போச்சு! அந்த அத்தையால வேன்ல ஏற முடியாதுல்லா? விசாரணை வேன்ல. புகார் குடுத்தவுக வரலன்னு எழுதி ஃபைல மூடிருவாவ. நீங்க ஒண்ணும் செய்யாண்டாம், சும்மா இருந்தாப் போதும்."

சும்மா இருந்தால் போதும். அந்தச் சொல் அவளுக்கு இனிக்கத்தான் செய்தது, இல்லை என்று சொல்ல முடியாது. ஆனாலும் நாலு வார்த்தை கேட்காமல் விட மனம் வராமல் ஜெபகனி வீட்டுக்குப் போனாள். ஜெபகனி கட்டிலில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கைக்கம்பு சாய்ந்திருந்தது.

"ஏளா, கொட்டகைய எவனுக்கோ தூக்கிக் குடுக்கணும்னு ஒனக்கு எத்தன நாளா ஆசை?"

ஜெபகனி பூண்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "கொட்டகையப் பத்தி நா ஒண்ணும் எழுதல. கூட்டம் நடக்கலன்னுதான் எழுதுனேன். நடக்குதா?"

"நடக்குது! வேன்ல நடக்குதுன்னு ஒனக்குத் தெரியாதாக்கும்?"

"தெரியும். நானுந்தான் தொங்கிக்கிட்டு கை தூக்கிருக்கேன். ஆனா கதவுல நாலு மணின்னுல்லா ஒட்டுதிய? இடுப்பு ஒடஞ்ச பெறவு, எனக்காவ ஒருக்கயாவது ஆபீசத் தொறப்பியன்னு நெனச்சேன். நாலு மணிக்கு இந்தக் கம்ப ஊணிக்கிட்டு வருவேன். கதவு பூட்டிக் கெடக்கும். படியில உக்காந்துருப்பேன். வெளக்கு வைக்கித நேரம் வர உக்காந்துட்டு எந்திரிச்சுப் போவேன். ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்துருக்கேன், மரியசெல்வி."

ஜெபகனி அடுத்த பூண்டை எடுத்தாள்.

"பெறவு எம் பேருக்கு நேரா என்ன எழுதுனிய? வரலன்னு. வந்தவ நா ஒருத்தி. எனக்கு மட்டும் ஆப்சென்ட்டு. அடுத்ததும் வரலன்னா எம் பதவி போயிரும்னு ஒரு தாளு வேற. அதுல ஒங் கையெழுத்து."

அப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டது மரியசெல்விக்கு நினைவே இல்லை. நீட்டியதில் எல்லாம் போட்டிருப்பாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லா?"

"எப்பச் சொல்ல? நீ எந்திரிச்சுப் போவும்போது நா தூங்குதேன். வந்து விழும்போது ஒனக்குத் தூக்கம். ரெண்டு வருசத்துல இந்த வாசல இன்னைக்குத்தான மிதிக்க?"

உரித்த பூண்டுத் தோல் காற்றில் பறந்து தரையெல்லாம் கிடந்தது. மரியசெல்வி குனிந்து அதைப் பொறுக்கப் போனாள், பிறகு நிமிர்ந்துவிட்டாள். வெட்கமாக இருந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. ஆனால் கொட்டகை நினைவு மட்டும் போகவில்லை.

"வெள்ளிக்கெழம விடியக்காலம் வேன் ஒன் வாசலுக்கு வரும். அதிகாரி வாரான். ஒனக்கு என்ன சொல்லணுமோ அவன்கிட்டச் சொல்லு."

"என்னால ஏற முடியாது."

"நாங்க ஏத்துதோம்."

"ஒன்னைய எதுத்துத்தான் பேசுவேன்."

"பேசு. ஏத்தாம விட மாட்டேன்."

செய்தி கேட்டதும் கிளைட்டன் வாயில் வராத இங்கிலீஷெல்லாம் வந்தது. வலியப் போய் எதிராளியைத் தோளில் தூக்கி வைத்துக்கொள்வார்களா யாராவது என்றான். மரியசெல்வி அவன் பக்கமே திரும்பவில்லை.

வெள்ளிக்கிழமை விஜயராஜ் சொன்னபடி வந்துவிட்டார். செல்வதுரை அவருக்காக முன் சீட்டைத் துடைத்து வைத்திருந்தான். கூட்டம் பின்னால்தான் நடக்கும் என்று மரியசெல்வி சொல்லிவிட்டதால், பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு கூடைகளுக்கு நடுவில் கவிழ்த்துப் போட்ட ஐஸ் பெட்டியில் உட்கார்ந்தார். வேன் குறுகலான முடுக்குக்குள் பின்பக்கமாக நுழைந்து ஜெபகனி வாசலில் நின்றது. பிளாஸ்டிக் நாற்காலியோடு அவளை நாலு பேர் தூக்கினார்கள். முதுகுப் பக்கத்தைப் பிடித்தவள் மரியசெல்வி. ஜெபகனிக்கு வலித்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். உள்ளே வந்ததும் நாற்காலியைக் கம்பியோடு சேர்த்துக் கயிற்றால் கட்டினார்கள்.

உப்பளம் தாண்டியது. மரியசெல்வி கம்பியை இரண்டு தட்டுத் தட்டினாள். சளசளவென்று கேட்ட பேச்சு சட்டென்று நின்றது. விஜயராஜ் நிமிர்ந்து பார்த்தார்.

அவர் ஒவ்வொருவராகக் கேட்டார். ஐஸ் பெட்டி வாங்க முடிவெடுத்தது எப்போது, எதிர்த்தது யார், கூரைக்குத் தகரமா ஓலையா என்று சண்டை வந்ததா? பெண்கள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொன்னார்கள். ஓலைதான் வேண்டும் என்று அன்றைக்கு நின்றவள் இன்றைக்கும் ஓலைக்கே நின்றாள். விஜயராஜ் சிரித்துவிட்டார். "கூட்டம் நடக்குது. அதுல எனக்குச் சந்தேகம் இல்ல. ஆனா இல்லாத எடத்துல நடந்ததா எழுதுனது தப்பு," என்றார். பிறகு ஜெபகனி பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. இந்த போர்ட எடுத்துரலாமா?"

ஜெபகனி பூட்டிய கதவைச் சொன்னாள். படியைச் சொன்னாள். சத்தம் போடவில்லை, அழவுமில்லை. வேனில் பாதிப் பேர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள்.

"போர்ட எடுக்கக் கூடாது சார். கொட்டகை போனா இவளுவ எங்க போவா? ஆனா தலைவி மாறணும். நாலு மணின்னு ஒட்டச் சொன்னவளும் அவதான், வரலன்னு எழுதச் சொன்னவளும் அவதான். கூட இருந்தவள மறந்தவ தலைவியா இருக்கக் கூடாது."

வேன் ஆத்தூர் பக்கம் திரும்பும் வளைவுக்கு வந்தது. மரியசெல்விதான் பேசினாள்.

"கேட்டாச்சுல்லா. தலைவி மாறணும்ங்கவிய கை தூக்குங்க."

ஜெபகனியின் கை எழுந்தது. அடுத்து எந்தக் கையும் எழும்பாது என்றுதான் மரியசெல்வி நினைத்தாள். ஒரு கை எழுந்தது. பின்னால் ஒன்று. ஐஸ் பெட்டிக்காக அவளோடு ஊர் ஊராக அலைந்தவளின் கை ஒன்று. விஜயராஜ் எண்ணினார். வேண்டாம் என்றவர்களையும் எண்ணினார். இன்னொருமுறை எண்ணினார்.

"சரிசமமா இருக்கு. தலைவர் ஓட்டு ஒண்ணு இருக்கும்மா, இப்படி வந்தா போடுததுக்கு. நீங்க வேண்டாம்னு கை தூக்குனா தீர்மானம் விழுந்துரும். விதி அப்படித்தான்."

தூரத்தில் பாலத்து விளக்குகள் தெரிந்தன. கை தூக்காமல் நின்றவர்கள் அவளையே பார்த்தார்கள். ஒன்றும் பெரிய காரியமில்லை, ஒரு கை. அதன் பிறகு நாலு மணிக்கு ஆபீசைத் திறந்து வைத்தால் போயிற்று, ஜெபகனியை வாரம் ஒருமுறை போய்ப் பார்த்தால் போயிற்று. அப்படித்தான் மனசு கணக்குப் போட்டது. மனசு இதைவிட நல்ல நியாயங்களும் சொல்லும். அவள் ஜெபகனியைப் பார்த்தாள். வலி தாங்காமல் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள் ஜெபகனி. கெஞ்சுகிற பார்வையும் இல்லை, கெடு வைக்கிற பார்வையும் இல்லை.

"சார், நா எறங்கிட்டா போர்டு நிக்குமா?"

"நிக்கும். உள்ளுக்குள்ளயே சரி பண்ணிக்கிட்டாங்கன்னு நான் எழுதுவேன். கலைக்க வேண்டிய அவசியம் இல்லைன்னும் எழுதுவேன்."

"கொட்டகை?"

"அதுக்கு ஒண்ணும் வராது. ஆனா நீங்க எறங்கணும்னு கட்டாயம் இல்லம்மா. நல்லா யோசிச்சுக்கிடுங்க."

"யோசிச்சுட்டேன். எல்லாரும் வேன்ல இருந்தோம். வரச் சொன்ன எடத்துக்கு வந்தவ அவ ஒருத்திதான். மாறணும். எழுதிக்கிடுங்க."

அவள் கை மேலே போயிற்று. வேன் பாலத்தில் ஏறியது.

வழக்கப்படி அதோடு பேச்சு முடிந்திருக்க வேண்டும். ஜெபகனிதான் வழக்கத்தை மீறி, "ஏளா," என்று கூப்பிட்டாள். மரியசெல்வி ஆற்றின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகை வந்தது, அழுதாள். தலைவி என்று கூப்பிட இனி ஊரில் ஒருவரும் இல்லை. பக்கத்தில் நின்றவள் தோளைத் தொட்டபோது தட்டிவிட்டாள்.

ஏரலில் வேன் நின்றது. மரியசெல்வி முகத்தைத் துடைத்து, முந்தானையைச் சும்மாடாகச் சுற்றிக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு முதல் ஆளாக இறங்கினாள். இறங்கின கையோடு திரும்பி, உள்ளே நாற்காலியில் கட்டிப்போட்டிருந்தவளைப் பார்த்துச் சொன்னாள்:

"வெயிலு ஏறுததுக்குள்ள வித்துட்டு வந்துருதேன். ஒன்னைய எறக்க ஆளு வேணும்லா."